நாற்காலியில் வைத்த தொப்பி

நீலக் கோட்டுப் போட்ட அந்தப் பெண் எங்கள் வரிசைக்கு ஏறி வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தில் எங்கள் வரிசைதான் கடைசி. அதற்கு மேல் கூரை, கூரைக்கு மேல் புறாக்கள். "வாழ்த்துகள் சார்! இன்னைக்கு அதிர்ஷ்டக் குடும்பம் நீங்கதான். கீழ முதல் வரிசை, பேட் பிடிக்கிறவங்களுக்கு நேர் பின்னாடி. மெத்தை சீட்டு, சாப்பாடெல்லாம் இலவசம். மூணு பேரும் வாங்க."

என் மனைவி மார்லிஸ் குறுக்கெழுத்துப் புத்தகத்தை மூடினாள். இருபத்திரண்டு வருடமாக அவள் இங்கே வந்து குறுக்கெழுத்துதான் போடுகிறாள். ஆட்டம் பார்ப்பது எறும்பு ஊர்வதைப் பார்ப்பது மாதிரி என்பாள். இந்த உயரத்திலிருந்து அதில் பொய்யும் இல்லை. எனக்காக வருகிறாள், அவ்வளவுதான். மகள் கேரின் அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

நான் அசையவில்லை.

ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்திருந்தது. பந்து வீசும் எங்கள் பிட்சர், சட்டையில் நாற்பத்தேழு போட்டவன், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அவன் பந்தை அடித்துவிட்டு ஒருவனும் அவுட்டாகாமல் ஓடித் தப்பவில்லை. இப்படி ஒரு நாள் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்தை விட்டு மாறக் கூடாது. மாறினால் தொலைந்தது. குளிர்காலம் முழுக்க நகராட்சி வண்டியில் பனி தள்ளுகிறவன் நான். சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. இது ஒன்றில் மட்டும் உண்டு.

"நான் வரல" என்றேன்.

"ஏன் சார்?"

காரணத்தைச் சொன்னால் அதுவே தோஷம். சொல்லாவிட்டால் பைத்தியக்காரன். ஸ்கோர் பலகையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காட்டினேன். அவள் பலகையைப் பார்க்காமல் என் புருவத்தையே பார்த்தாள். "உடம்பு சரியில்லையா சார்?"

பல வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்காரும் டுவேன் என் தொடையைக் கிள்ளினான். "அசைஞ்சே, கொன்னுடுவேன்."

மார்லிஸுக்குக் காரணம் தெரியும். "வெர்ன், இத்தனை வருஷமா இந்தக் கூரைக்கடியில உன்கூட உட்கார்ந்திருக்கேன். ஒரே ஒரு தடவை அவங்க மூஞ்சியெல்லாம் எப்படி இருக்குன்னு பார்க்கணும். உன்கூட பார்க்கணும்."

"ஒன்பதாவது இன்னிங்ஸ் முடியட்டுமே."

"அது முடிஞ்சா வீட்டுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மகளோடு இறங்கிப் போனாள். அவள் இடம் மாறியது கணக்கில் வராது, அவள்தான் ஆட்டமே பார்ப்பதில்லையே என்று டுவேன் தீர்ப்புச் சொன்னான்.

ஆறாவதிலும் ஹிட் இல்லை. ஏழாவதிலும் இல்லை. நான் பைனாகுலரை எடுத்துக் கீழே பார்த்தேன். என் மார்லிஸ் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தாள்! புத்தகத்தைக் காணோம். அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. அதில் அவளுடைய கைப்பை, பை மேல் காகிதத்தால் மூடிய ஒரு தட்டு. நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து காலி இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் தலையாட்டி மறுத்தாள். எட்டாவது இன்னிங்ஸில் இன்னொருவர் வந்தார். இந்த முறை பை மேல் கையை வைத்துக்கொண்டாள். மூன்று இன்னிங்ஸாக எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தொப்பியைக் கழற்றி என் நாற்காலியில் வைத்தேன். "டுவேன், என் தலை இங்கதான் இருக்கு. பார்த்துக்க."

"டேய் வெர்ன்! டேய்! இன்னும் மூணே மூணு அவுட்டுடா!"

அந்தக் குரல் பாதிப் படி வரைக்கும் என்னைத் துரத்தியது. கீழே கதவருகில் அதே நீலக் கோட்டுப் பெண். "இப்ப தேவலையா சார்?" என்று கேட்டு, கைத்தாங்கலாகவே கூட்டிப் போனாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். மார்லிஸ் பையையும் தட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொப்பி எங்க?"

"மேல. என் இடத்துல."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் மெத்தையில் உட்கார்ந்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய்ப் புல்லில் விழுந்தது. ஹிட். மைதானமே 'ஹோ' என்று முனகி ஓய்ந்தது.

"அப்பா, வெளிய சொல்லிடாதீங்க" என்றாள் கேரின். "நாம உயிரோட வீட்டுக்குப் போகணும்."

பிறகு ஒவ்வொருவராக எழுந்து கை தட்ட ஆரம்பித்தார்கள். பிட்சர் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். மீசை சரியாக முளைக்காத முகம், விடைத்த காதுகள். பந்து விழுந்த இடத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். இத்தனை வருடமும் பைனாகுலரில் நான் பார்த்தது இவர்கள் சட்டை எண்களைத்தான்.

"பாரேன், காது எவ்வளவு பெருசு!" மார்லிஸ் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எட்டாவதுல இருந்து உன்கிட்ட சொல்லணும்னு துடிச்சிட்டிருந்தேன்."

"பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றேன். தட்டைத் திறந்து, ஆறிப்போன சாசேஜைக் கடித்தேன். அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. அந்த ஹிட்டுக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

ஜெயிக்க இன்னும் ஒரு அவுட் பாக்கி. எங்களுக்கு ஒரே ஒரு ரன்தான் அதிகம். பைனாகுலரைத் திருப்பி மேலே பார்த்தேன். கூரைக்கடியில் டுவேன், ஒரு கையில் என் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்கு முஷ்டி காட்டிக்கொண்டிருந்தான். அடுத்தவன் பேட்டோடு வந்து நின்றான். டுவேன் அவசரமாகக் குனிந்து, தொப்பியை என் நாற்காலியிலேயே திரும்ப வைத்து, மைதானத்தைப் பார்க்கும்படி நேராகத் திருப்பிவிட்டான்.