பதினோரு கோளாறு

எட்டாவது தடவையாகத் தம்பி சாவியைத் திருப்பினான். கார் ஒரு முறை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதன் சொந்தக்காரரும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் ஒரு கனைப்பு, அத்தோடு சரி. அவர் இப்போது முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தார். அந்தக் கனைப்பும் நின்று ஒரு நாள் ஆகியிருந்தது.

பெட்டியைக் கொண்டுபோக வந்த வேன் சந்தின் முனையில் காத்திருந்தது. கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், பெட்டி நுழையாது. சந்து மேடாக ஏறுகிறது. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் கார் ஒரு சாண் போய் அதே ஒரு சாண் திரும்பி வந்தது.

"அக்கா, மாமா இதை எப்படித்தான் எடுப்பாரு?" என்று தம்பி கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பதால் அது கூடுதலாக வலித்தது. தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தவள். அடுத்த வீட்டில் புது வாளி வாங்கினால்கூட, எங்கே வாங்கினார்கள், பழைய வாளி என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஊமைக் கோட்டான்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். உயரமான கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்து என்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. சரிசெய்வது வேறு ஆள் வேலை. வீட்டிலும் இதே கொள்கைதான். குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொன்னால் எழுந்து போய்ப் பார்ப்பார். "ஆமா, வாஷர் போச்சு" என்பார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் பேசாத நேரத்தில் கடிகாரம்தான் பேசும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாலு தெரு கூடுகிற இடத்தில் இந்தக் கார் நட்டநடுவே நின்றுபோனது. முன்னாலும் பின்னாலும் ஹார்ன் சத்தம். அவள் இறங்கி, ஊரே பார்க்க, தள்ளினாள். இதை விற்றுத் தொலைத்தால்தான் இனி உங்களோடு வெளியே வருவேன் என்று அன்றைக்குச் சொன்னாள். சொன்னபடியே அதன் பிறகு அதில் கால் வைக்கவில்லை. அவரும் மறுநாளே விளம்பரம் கொடுத்துவிட்டார். பல ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு யாராவது வருவார்கள். அவரோடு ஏறிப் போவார்கள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிப் போவார்கள்.

"என்னாச்சு?" என்பாள்.

"ஒத்து வரல."

அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் பெயராது. நேற்றும் ஒருவர் வருவதாக இருந்தது. ஒன்பதரை மணிக்கு ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவருடைய போனில் பெயர் போட்டுப் பதிந்திருந்த எண்களுக்கெல்லாம் தம்பிதான் செய்தி அனுப்பினான். அனுப்பும்போது அவளிடம் காட்டினான். கார் தபால், கார் கேக், கார் தையல் என்று வரிசையாக ஒரே குடும்பப் பெயர்போல இருந்தது. அந்தத் துக்கத்திலும் அவளுக்கு மூக்கு வேர்த்தது. இப்போது முற்றத்தில் அவள் இதுவரை பார்த்திராத பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவரும் பழக்கமில்லை என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

ஒன்பதாவது தடவை தம்பி சாவியில் கை வைத்தபோது அவர்களில் ஒரு பெண் முன்னால் வந்தாள். நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தது. கேக் இவள்தான் என்று அவள் முடிவுசெய்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. சாவியப் பாதி திருப்பிட்டு பத்து எண்ணணும். அவசரப்பட்டா எடுக்காது."

"அதுக்கு முன்னாடி பேட்டரி முனையத் தட்டணும்" என்று பின்னாலிருந்து ஓர் ஒல்லி மனிதர் சொன்னார். அவரே வந்து முன்மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு சின்ன ஸ்பேனர் கயிற்றில் கட்டித் தொங்கியது. அது அங்கே தொங்குவது அந்தத் தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது.

ஆறடிக்கு மேலிருந்த மூன்றாவது ஆள், வந்த வேகத்தில் குனிந்து பின் சக்கரத்துக்கு அடியிலிருந்த செங்கலை இன்னும் நெருக்கி வைத்தார். ஹேண்ட்பிரேக் பிடிக்காது, செங்கல்தான் பிரேக் என்றார். பிறகு தம்பியை இறங்கச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். சாவி பாதி திரும்பியது. மூன்று பேரும் சேர்ந்து மெதுவாகப் பத்து எண்ணினார்கள். மற்ற அந்நியர்களும் உதடு அசைத்து எண்ணினார்கள். பத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

கார் மேட்டில் ஏறி ஓரமாக நின்றது. வேன் வாசலுக்கு வந்தது. சூட்டோடு நிறுத்தினால் மறுபடி எடுக்காது, ஓடட்டும் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வாசல்படியை விட்டு அவள் இறங்கி வந்ததைப் பார்த்து உறவுக்காரர்கள் வழிவிட்டார்கள். அழப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் நேராகக் கேக்காரப் பெண்ணிடம் போனாள்.

"உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"நாங்கெல்லாம் கார் பாக்க வந்தவங்கம்மா."

பிறகு மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள். வந்தவர்களை அவர் பக்கத்து சீட்டில் உட்காரவைப்பாராம். 'பதினோரு கோளாறு இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன், கடைசிவரைக்கும் கேட்டுட்டு வேணாம்னு சொல்லுங்க' என்று ஆரம்பிப்பாராம். ஒரே வழியில் சுற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டி விளக்குவாராம். அத்தனையும் கேட்டபின் எந்த மடையன் வாங்குவான்? ஆனால் அவரை விட்டுப் போகவும் மனசு வராதாம். வேறு கார் பார்க்கப் போகும்போது கூட வருவீர்களா என்று கேட்டால் வருவாராம். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்து, வாங்கலாம், வேண்டாம் என்பாராம்.

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவாரு" என்றாள் கேக்காரப் பெண். "லிஃப்டுக்குள்ள ஒரு பியானோவோட நாலு மணி நேரம் மாட்டிக்கிட்ட கதையச் சொன்னாரு பாருங்க, எனக்கு வயிறே வலிச்சிருச்சு." சிரிக்க ஆரம்பித்தவள், பெட்டியைத் தூக்குவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு, எங்க வீட்டுக்காரரா?" என்றாள் அவள்.

பொறாமையில் வயிறு எரிந்தது. செத்த புருஷன்மேல் பொறாமைப்படலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆனாலும் எரிந்தது. வீட்டில் வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதர், கேக் செய்கிறவளிடமும் தையல்காரரிடமும் அள்ளிக் கொட்டியிருக்கிறார். என்னிடம் ஏன் பேசவில்லை? அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதை இவர்களிடம் எப்படிக் கேட்பது? ஆகவே கோளாறுகளைக் கேட்டாள்.

"அந்தப் பதினொண்ணு என்னென்ன?"

"அக்கா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றான் தம்பி.

"தெரியணும்டா."

சொன்னார்கள். பெட்ரோல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். மூன்றாவது கியரைக் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் நழுவிவிடும். பிரேக் அடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கும். பின் கதவு ஒன்று உள்ளேயிருந்துதான் திறக்கும். ரேடியேட்டரா வைப்பரா எது முதலில் என்று தையல்காரருக்கும் கேக்காரப் பெண்ணுக்கும் தகராறு வந்தது. அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பத்து விரல் மடங்கின. பதினொன்று என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள், ஆனால் அந்தப் பதினொன்றாவது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குள் பெட்டி வேனில் ஏறிவிட்டது. வேனுக்குப் பின்னால் இந்தக் காரிலேயே போவது என்று ஆயிற்று, ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை நிறுத்த ஒருவருக்கும் துணிவில்லை. தம்பி ஓட்டமாட்டேன் என்றுவிட்டான். உயரமானவர் தபால்காரர், அவர் ஓட்டுவதாகச் சொன்னார். தம்பி முன்னால் ஏறினான். முழங்கால் முன்பலகையில் இடித்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளும் பிடியை இழுத்துப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"அது நகராதுங்க" என்றார் தபால்காரர்.

தம்பி முனகிக்கொண்டே பின்னால் போனான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்தாள். அவள் குள்ளம். வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் அந்தரத்தில் தொங்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல. இங்கே இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் படிந்தன.

வேன் மெதுவாகப் போனது, கார் பின்னால் போனது. கடைத்தெரு முனையில் வேன் இடது பக்கம் திரும்பியது. தபால்காரர் ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஹார்ன் அடித்தது. விடாமல், திருப்பம் முடியும்வரை அடித்தது. வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, பெட்டியை வைத்துக்கொண்டு இதற்குமேல் எப்படி ஐயா வேகமாகப் போவது என்பதுபோலப் பார்த்தார்.

தபால்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதாங்க பதினொண்ணு. இடது பக்கம் திரும்பினா தானா அடிக்கும். எப்படி மறந்தேன்னு தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். அடுத்த திருப்பமும் இடது பக்கம்தான். கடைவாசலில் நின்ற இரண்டு பேர் துள்ளி விலகினார்கள். பின்னால் தம்பி தலையைக் கையில் புதைத்துக்கொண்டான். மூன்றாவது திருப்பத்தில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தச் சத்தம் ஓய்ந்தபோது பியானோ கதை ஞாபகம் வந்தது. கேக்காரப் பெண் சொன்னபோதே எங்கோ கேட்டதுபோல இருந்தது. இங்கேதான் கேட்டாள். இதே சீட்டில். சாலையைப் பார்த்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், அவர் சொல்லச் சொல்ல அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பத்து வருடம் இருக்கும். அந்த மனிதருக்குக் கையில் ஸ்டீயரிங் இருந்தால்தான் வாய் திறக்கும். அவள் கோபித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கிய அன்றோடு அவருக்கு அவளிடம் பேச இடமில்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டு வாளியைக் கவனித்தவள் இதைக் கவனிக்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கலாமே, நின்றால் நின்றுவிட்டுப் போகிறது, தள்ளியிருக்கலாமே என்று மாய்ந்துபோனாள்.

பேச வேண்டும் என்பதற்காகவே, "இந்த சீட் நகரலியே. இதையும் சேத்தா பன்னெண்டு ஆச்சே" என்றாள்.

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றார் தபால்காரர். மூன்றாவது கியரை ஒரு கையால் பிடித்திருந்தார். "முட்டிய மடக்கி உக்காந்து எனக்குக் கால் மரத்துப்போச்சு. இத ஏன் கணக்குல சேக்கலன்னு கேட்டேன். 'அது கோளாறு இல்ல. நான்தான் திருகாணி போட்டு முடுக்கி வச்சிருக்கேன். வீட்டுக்காரிக்குக் கால் தரையில படணும்'னு சொன்னாரு."

கோளாறைச் சொல்வதோடு சரி, எதையும் கையால் தொடாதவர் அவர்.

"எப்ப சொன்னாரு?"

"போன மாசம்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பின் வழி நெடுகத் திருப்பம் எதுவும் வரவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பிற்பகல் ஆகியிருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். வாசலில் காரை நிறுத்தி, தபால்காரர் செங்கலை வைத்துவிட்டுப் போனார். பழைய இரும்புக்கு வண்டி எடுக்கிற ஆள் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் புருஷனுடைய போன் அடித்தது.

அவள்தான் எடுத்தாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல். "நேத்து பத்து மணிக்கு வரேன்னு சொல்லியிருந்தேங்க. ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன். கார் இன்னும் இருக்குதுங்களா?"

தம்பி காதை நீட்டிக் கேட்டுவிட்டான். இருக்கிறது என்று சொல், வேறு எதையும் வாய் திறக்காதே, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சைகையிலேயே முழு வியாபாரத்தையும் பேசி முடித்தான்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். தொலைபேசி நிலையத்துக் குரல் தானாக வந்தது.

"இருக்கு. அவர் நேத்து தவறிட்டாரு, நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். பதினோரு கோளாறு இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன், கடைசிவரைக்கும் கேட்டுட்டு வேணாம்னு சொல்லுங்க."

மறுமுனையில் அந்த மனிதர் பதறிப்போய் ஏதேதோ ஆறுதல் சொன்னார், பிறகு பேசுகிறேன் என்றார். பரவாயில்லை, கேளுங்கள் என்று அவள் ஆரம்பித்தாள். பேட்டரி முனை, பாதிச் சாவி, பத்து எண்ணுவது, செங்கல். எதையும் விடவில்லை, எதையும் அவசரமாகச் சொல்லவில்லை. தம்பி கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எழுந்து போனான். ஹார்னைச் சொல்லும்போது மறுமுனையில் ஒரு சிறு சிரிப்பு கேட்டது, உடனே அடங்கியது.

"வேற ஏதாவது இருக்குதுங்களா? சீட், கதவு, அந்த மாதிரி?"

"கதவு சொல்லிட்டேன்" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

அவள் கால்கள் நாற்காலியில் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தன.