பாதி குனிந்த நிலையில் என் தம்பி

1

எங்கள் குடும்ப விஷயத்தை வெளியில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வெளியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஷூ கடைக்கு எதிரே இன்னொரு ஷூ கடை வைத்திருப்பவர், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறார். அதனால்தான் குடும்பத்தில் மூத்தவனான நான் பேனாவைத் திறந்தேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்கப் போவதில்லை.

2

முதல் தொடக்கம்: புத்தம்புது ஷூவை மாட்டிக்கொண்டு எங்கள் மருமகள் சிறுத்தையைப்போல் பாய்ந்து—

(நிறுத்த வேண்டியதாயிற்று. தம்பி மகனின் மனைவியான அந்த மருமகளே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"பெரிய மாமா, சிறுத்தை ஷூ போடுமா?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: எங்கள் மருமகள் வெறுங்காலோடு ஓடுபவள்.

எழுதும்போது கை கூசியது. உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.

3

ஊர் ஓட்டப்பந்தயத்தை எங்கள் கடைதான் நடத்துகிறது. ஓடுகிற எல்லோர் முதுகிலும் கடையின் பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வீட்டு மருமகளே வெறுங்காலோடு ஓடினால், எங்களிடம் யார் ஷூ வாங்குவார்கள்? எதிர்க்கடைக்காரர் படம் பிடிக்கத் தயாராக இருந்தார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி ஒரு பெட்டியோடு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"இதுல குதிகாலுக்குக் காத்துப்பை இருக்கும்மா."

"காத்து வெளியிலயே சும்மா கிடக்கு மாமா."

"பஞ்சு மாதிரி இருக்கும்."

"அதான் பிரச்சனை. தரை சொல்றது காலுக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"போன மாசம் கண்ணாடி குத்துச்சே, அப்ப தரை என்ன சொல்லுச்சு?"

"பாத்து வான்னு சொல்லுச்சு."

(தம்பி பேச்சில் தோற்றுவிட்டதாக வாசகர் நினைக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் வாதாடுவதில்லை என்பது கடை வழக்கம்.)

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "சரி மாமா. கடைக்கு வர்ற எல்லாருக்கும் நீங்களே மண்டி போட்டு மாட்டி விடறீங்கள்ல? எனக்கும் அப்படி மாட்டி விடுங்க, போட்டுக்கறேன். அங்க, மைதானத்துல வச்சு."

4

அவள் சொன்ன வழக்கம் எங்கள் அப்பா ஏற்படுத்தியது. ஷூவை முதலாளியே மண்டியிட்டு மாட்டிவிட வேண்டும். ஆனால் மாமனார் மருமகள் முன்னால் மண்டியிடுவதா, அதுவும் ஊர் பார்க்க? கடையின் மானம் ஒருபக்கம், வீட்டின் மானம் ஒருபக்கம். அன்றிரவு தம்பி சாப்பிட்டது உப்பில்லாத சாப்பாடு. யோசனையில் அவனுக்கு அது தெரியவில்லை.

5

காலையில் மைதானத்தில் எல்லோரும் தொடக்கக் கோட்டில் நின்றார்கள். தம்பி பெட்டியோடு வந்தான்.

"என்னங்க, சொந்த வீட்டுலயே விலை போகலையா?" என்றார் எதிர்க்கடைக்காரர். செல்போன் உயர்ந்தது.

மருமகள் காலை நீட்டினாள். தம்பி குனிந்தான். பாதி குனிந்ததும் அவன் கண்ணில் கடைக்காரன் விழித்துக்கொண்டான். ஓடி ஓடி அவள் பாதம் விரிந்திருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தின. பெட்டியில் இருப்பது பத்தாது. கடையில் இருக்கும் எதுவுமே பத்தாது. பத்தாத ஷூவை மாட்டிவிடுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

6

முடிவுகள்.

ஒன்று: ஷூ கச்சிதமாகப் பொருந்தியது. (நான் எழுதியது. அவள் காலைப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள்.)

இரண்டு: தம்பி நிமிர்ந்து, "இந்தக் காலுக்கு எங்க கடையில ஷூ இல்ல" என்று எல்லோர் முன்னாலும்— (இந்த வாக்கியத்தை முடிக்க என் பேனா மறுக்கிறது.)

மூன்று: மாமா தன் ஷூவைக் கழற்றிவிட்டு என்கூடவே ஓடி வந்தார். (ஓரத்தில் பென்சிலால் மருமகள் எழுதியது. தம்பியின் தொப்பையை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

எதிர்க்கடைக்காரர் சொல்லும் முடிவை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், குடும்ப கௌரவம் குறையாமல். நிதானமாக யோசிக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் முடிவெடுக்கும்வரை தம்பி அப்படியே குனிந்து நிற்க வேண்டும். அவனுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி.