கூடுமிடம்

சைரன் மறுபடி ஊளையிட்டபோது தனேஸ்வரன் கோயில் வளைவுக்கு வெளியே, சாலையில் நின்றுகொண்டிருந்தான். கீழே கையுறைத் தொழிற்சாலையில் குளோரின் குழாய் கசிந்துவிட்டது. நீச்சல் குளத்து நெடி காற்றில் வந்து மூக்கைத் துளைத்தது. செமோர்ப் பக்கமிருந்து தீயணைக்கும் பொம்பா வண்டிகள் வந்துவிட்டன. லயத்து வீட்டு ஜனங்கள் குழந்தைகளையும் கோழிக்கூண்டுகளையும் தூக்கிக்கொண்டு மேடேறி, கோயில் மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்படித்தான் நடக்கவேண்டும் என்று திட்டம் போட்டவன் அவன்தான். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. நகராண்மைக் கழகத்திலிருந்து அதிகாரி புவான் நோராய்னி வந்து கூடவே இருந்து உழைத்தார். குளோரின் கனமான வாயு, பள்ளத்தில்தான் தேங்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்தில் மேட்டில் இருக்கும் ஒரே கட்டடம் மண்டபம். கழகம் பாதைக்கு விளக்குப் போட்டது. தொழிற்சாலை சைரனும், சன்னல் இடுக்குகளை அடைக்க ரப்பர் பட்டையும் வாங்கித் தந்தது. கோயில் தலைவர் மாயாண்டி சாவியைக் கொடுத்தார். கவர்மெண்டும் கம்பெனியும் சண்டையில்லாமல் ஒரு காரியம் செய்தால் கட்டாயம் மழைதான் என்று கேலியும் செய்தார்.

அந்தப் பேச்சுகளில் ஒன்றுகூட மண்டபத்துக்குள் நடக்கவில்லை. தனேஸ்வரன் சாலையிலேயே, கார் மூக்கில் வரைபடத்தை விரித்துப் பேசி முடித்தான். மனைவி சாந்தினி இறந்துபோய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதுவரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அவனுக்கு நம்பிக்கை என்று எதுவும் இல்லை. சொன்னதைச் செய்வது சுலபமாக இருந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டான். படு என்றால் படுத்தான்.

மாயாண்டி வாசலுக்கு வந்து, ஒரு ஆள் குறைகிறது, புஷ்பலதாவைக் காணோம் என்றார். லயத்தை நோக்கி ஓடத் திரும்பிய தனேஸ்வரன் அவளைப் பார்த்துவிட்டான். வளைவை ஒட்டிய மரத்தடியில், ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் வேலை. போன மாதம்தான் புருஷன் இறந்திருந்தான்.

"அக்கா, உள்ள போங்க. காத்து இந்தப் பக்கம் திரும்புது."

"எழவு விழுந்த வீட்டுக்காரி தம்பி நான். ஆத்தா சன்னதியத் தாண்டித்தான மண்டபம்?"

ஆபத்துக்குப் பாவமில்லை, உள்ளே வா புள்ள என்று மாயாண்டி கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. தனேஸ்வரனையே பார்த்தாள்.

"நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க? மீட்டிங்கெல்லாம் ரோட்டுலயே நின்னு பேசுனீங்க. பயிற்சி அன்னிக்கும் இந்த வளைவத் தாண்டல. படிச்சவரு நீங்களே தீட்டு காக்குறீங்க. எனக்கு மட்டும் வேற சாமியா?"

நடக்க முடியாதவர்களுக்கு வேன், கைக்குழந்தைகளுக்குப் பால், ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்து, எல்லாவற்றையும் யோசித்திருந்தான். தான் நின்ற இடத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை யோசிக்கவில்லை.

வளைவை நோக்கி நடந்தான்.

"சப்பாத்தக் கழட்டுங்க," என்றாள் பின்னாலிருந்து.

கண் எரிய எரிய, குனிந்து கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு சிக்கியது. ஒருவழியாகக் காலை உருவிப் படியில் வைத்தான். உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. கல் இவ்வளவு குளிருமா என்று நினைத்துக்கொண்டான். பின்னால் அவள் சிலிப்பரை உதறும் சத்தம் கேட்டது.

கதவு மூடியது. மாயாண்டி மறுபடி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். கூண்டிலிருந்த சேவல் நேரம் தெரியாமல் கூவ, யாரோ சிரித்தார்கள். வெகுநேரம் கழித்துக் கைபேசியில் நோராய்னியின் அழைப்பு வந்தது.

"சுடா செலசாய், டானேஷ்." முடிந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்.

அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். இதைச் சாந்தினியிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கன்னத்தில் நீர் வழிந்தது. "கேஸு கண்ணுல பட்டுருக்கு," என்று புஷ்பலதா பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லி, தன் துண்டை அவனிடம் நீட்டினாள்.

கதவைத் திறந்தபோது மழை பிடித்திருந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று மாயாண்டி எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். வளைவுக்கு வெளியே அவனுடைய கனத்த சப்பாத்துகளும் அவளுடைய ரோஸ் நிறச் சிலிப்பரும் நனைந்துகொண்டிருந்தன. சிலிப்பர்களில் ஒன்று மெல்ல மிதந்து நகரத் தொடங்கியது. சப்பாத்துகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எடுக்க அவன் எழுந்திருக்கவில்லை.