மேல் கட்டில்

ரப்பர் விரிப்பை மகள் டிராலியிலிருந்து எடுத்து, கடையில் அது தொங்கிய இடத்திலேயே மாட்டினாள். அம்மா அதை மறுபடி எடுத்து, இந்தத் தடவை போர்வைகளுக்கு அடியில் செருகினாள். பக்கத்தில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைப்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்கு நகர்ந்தாள்.

"ஹாஸ்டல் ரூமுக்கு வாங்கறியா, ஆஸ்பத்திரி வார்டுக்கு வாங்கறியா?" என்று மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பாத்ரூம் வழுக்காம இருக்க எல்லாரும்தான் வாங்கறாங்க."

"எந்த எல்லாரும்?"

டிராலியில் இருந்தவற்றை அம்மாவே ஒருமுறை பார்த்தாள். கண்ணாடி டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளர். தட்டையான தலையணை. சுவிட்ச் வைத்த சின்ன விளக்கு, இருட்டில் எழுந்து தடுமாறாமல் இருக்க. மின்சாரக் கெட்டிலை வாங்கவே விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு சொல்லியிருந்தாள். விலை குறைவு, கனம் இல்லை, கழுவ வசதி. மகளுக்கு அத்தனை சாக்கும் புரிந்திருந்தது. வலிப்பு வந்தால் எது உடையும், எது குத்தும், எது சுடும் என்பதுதான் அந்த டிராலி முழுக்க.

பள்ளியில் படிக்கும்போது பரீட்சை ஹாலில் முதல் தடவை வந்தது. அதற்குப் பிறகு அவள் பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்த பெண் மெல்ல மெல்லத் தள்ளி உட்கார ஆரம்பித்து, ஒருநாள் முன்வரிசைக்கே போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். இப்போது மாத்திரை ஒத்துக்கொண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. தாராளமாகப் போகட்டும் என்றார் டாக்டர். மாத்திரையைத் தவறவிடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, கூடத் தங்குபவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் மகள் தலையாட்டினாள். மூன்றாவதைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவுண்டரில் நிற்கும்போது அவள் போன் அடித்தது. அறைத்தோழியாக வரப்போகிறவள். இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஹாஸ்டலில் அறை ஒதுக்கிய அன்றிலிருந்து தினமும் பேச்சு. திரைச்சீலை யார் கொண்டுவருவது, ஹேங்கர் யார் என்று சிரித்துப் பேசிய மகள் திடீரென்று, "ஓ, அடுக்குக் கட்டிலா?" என்றாள். கொஞ்சம் கேட்டாள். பிறகு, "பரவால்ல, நீ கீழயே படு. எனக்கு மேலதான் பிடிக்கும்," என்றாள்.

அம்மாவின் கை பில் வாங்க நீட்டியபடியே நின்றது.

அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவள். முன்னால் சாலையையும் மேலே கண்ணாடியில் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகிய கண். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அணைத்த டிவியில், அலமாரிக் கதவின் பளபளப்பில், எதிலாவது மகளின் நிழல் ஒழுங்காக அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். திரும்பும் வழியில் மகள் முன்சீட்டில் உட்காராமல் வேண்டுமென்றே கடைசி சீட்டுக்குப் போய், கண்ணாடியில் விழாத மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மேல கட்டில் வேணாம்," என்றாள் அம்மா, சாலையைப் பார்த்தபடி.

"அவளுக்கு உயரம்னா பயமாம். அவளே சொல்றா. நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு."

வீடு வரும்வரை வாங்கிய வாளிதான் கடகடவென்று பேசிக்கொண்டு வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அந்தரத்தில் நிற்கிற வேலை; அதனாலோ என்னவோ எதற்கும் பதற மாட்டார். இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "கடையில யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மகள் அறைக்குள் போனதும் அம்மா கட்டில் விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சொன்னா அந்தப் பொண்ணு பயப்படும். சொல்லலேன்னா நாம பயப்படணும். யாராவது ஒருத்தர் பயந்துதான் ஆகணும்," என்றார் கடைசியில்.

"யாரு பயப்படணும்ங்கறீங்க?"

"அதை முடிவு பண்ண வேண்டியவ உள்ள துணி மடிச்சிட்டிருக்கா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட துணிகளைக் கொடுக்கப் போன அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் மாத்திரை அட்டைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பெயர் அச்சடித்த ஓரத்தையெல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு, சத்து மாத்திரை டப்பா ஒன்றுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிதானமாக நடந்தது. இந்த நிதானம்தான் அம்மாவைக் கலக்கியது. கோபத்தில் செய்கிற காரியமாக இருந்தால் தடுத்திருப்பாள். இவளோ வருஷக்கணக்கில் இப்படி வாழத் திட்டம் போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அம்மா வந்துவிட்டாள். மகள் குளிக்கப் போனதும் அவள் போனிலிருந்து அறைத்தோழியின் நம்பரை எடுத்துக்கொண்டாள். கீழே இறங்கி, நிறுத்தியிருந்த வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டு, தான் யாரென்று சொன்னாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி!" குரலில் அத்தனை சந்தோஷம். பின்னால் யாரோ டேப் ஒட்டும் சத்தம். தன் அம்மா முழு வீட்டையும் பெட்டிக்குள் திணிக்கப் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். இங்கே எப்படி என்று கேட்டாள். உங்க பொண்ணு ரொம்ப நல்லவ ஆன்ட்டி, கேட்டதுமே மேல் கட்டில் எடுத்துக்கிட்டா, என்றாள்.

வலிப்பு வந்தா ஒருபக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது, நேரம் பார்த்துக்கணும். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அம்மாவின் நாக்கு நுனியில் நின்றன. காலியான சீட்டுகள் கண்ணாடியில் வரிசையாகத் தெரிந்தன. முன்வரிசைக்குப் போய்விட்ட அந்தப் பழைய சிநேகிதியின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"துணி காயப்போட கயிறு கொண்டுவரியாம்மா?" என்றுதான் அவளால் கேட்க முடிந்தது.

மாடியேறி வந்தபோது மகள் ஈரத்தலையோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். அறைத்தோழி அதற்குள் செய்தி அனுப்பியிருந்தாள், உன் அம்மா எவ்வளவு அன்பு என்று.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்குப் பேசினே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அம்மாவுக்குத் தோன்றியது. "சொல்லத்தான். வாய் வரல."

அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்காமல் அப்படியே மடியில் இறக்கினார். மகள் கத்துவாள் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. அம்மாவின் கண் பழக்கத்தில் அவள் விரல்களுக்குப் போனது, உதட்டோரத்துக்குப் போனது.

"பாரு, இப்பக்கூட அதைத்தான் பாக்கறே," என்றாள் மகள். "நான் கோவமா இருக்கேன்மா. வெறும் கோவம்."

அம்மா பார்வையைத் தரைக்கு இறக்கினாள்.

"ஒரு வாரம். அவ என்னை ஒரு வாரம் சும்மா பாக்கட்டும்னு நினைச்சேன். பாட்டு கேக்கறவ, குறட்டை விடறவ, துணியை எங்க வேணா போடறவ. அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அந்த ஒரு வாரத்துல வந்துட்டா?" என்றாள் அம்மா. "மேலேர்ந்து விழுந்தா?"

தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சட்டைத் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. மகள் போனைப் பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போய்ச் சொரசொரப்புக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடி வழியே அவள் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கை காதுக்குப் போனது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். குரல் வந்தது, சொற்கள் வரவில்லை. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. அப்புறம் நின்றுவிட்டது. நடையும் நின்றது. அவள் பேசி முடித்துவிட்டாள், இனி அந்தப் பக்கம்தான் பேச வேண்டும் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அப்பா எழுந்து அம்மாவின் அருகில் வந்து நின்றார்.

அப்போதுதான் அந்த உருவம் சட்டென்று கீழே சரிந்தது.

அம்மா பாய்ந்து கதவின் பிடியைப் பற்றினாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்கள் மேலே உயர்ந்தன. போன் காதில்தான் இருந்தது. இன்னொரு கை ஈர முடியை விரல் விட்டுக் கோதிக்கொண்டிருந்தது, சிக்கு எடுப்பதுபோல, மெதுவாக, மேலிருந்து நுனிவரை, மறுபடி மேலிருந்து.