ஒரு பக்க வேலி

இலண்டன் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் விஞ்ஞான வகுப்பில் பேராசிரியர் அருட்பிரகாசம் பாடத்திட்டத்தை மீறியது ஒரே ஒரு முறைதான். பாடம் முன்கூட்டியே முடிந்துவிட்ட ஒரு புதன்கிழமை, தாம் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வடிவத்தை அவர்களுக்குக் காட்டினார். நீண்ட கடதாசிப் பட்டியொன்றை அரைச் சுற்று முறுக்கி இரு நுனிகளையும் ஒட்டினால், அதற்கு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. இது பரீட்சைக்கு வருமா என்று மாணவர்கள் கேட்டனர். வராது என்றறிந்ததும் பேனைகளை மூடினர். அதை நடுவே நீளவாக்கில் வெட்டினால் என்னாகும் என்று கேட்டவள் பத்மாவதி ஒருத்தியே. தம் வகுப்பில் ஒரு வடிவகணிதர் இருப்பதைப் பேராசிரியர் அன்று கண்டுகொண்டார்.

மீறலின் விளைவு சனிக்கிழமை காலை கரவெட்டியிலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு பேராசிரியரின் கல்லூரி அறைக்கு வந்தது. பத்மாவதியின் தந்தை கனகசபாபதிக்கும் அயலவர் தம்பிராசாவுக்கும் எல்லை வேலி பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேலி கனகசபாபதியுடையது என்பதைத் தம்பிராசா மறுக்கவில்லை. அதன் மறுபக்கத்தில் காய்க்கும் பாவற்காய் தமக்குரியது என்றே வாதிட்டார். மகள் வீட்டில் செய்துகாட்டிய பட்டியைக் கண்டபின் கனகசபாபதிக்கு உறக்கம் வரவில்லை.

“மறுபக்கமே இல்லையெண்டு நீங்கள்தானே மாஸ்ரர் படிப்பிச்சனீங்கள்? அதை நீதவானுக்கு முன்னாலை வந்து சொல்லுங்கோ.”

வேலியை முறுக்க வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் தயங்கினார். அதற்கு ஆள் பிடிக்கலாம் என்றார் கனகசபாபதி. சாட்சி சொல்ல இயலாது என்று பேராசிரியர் மறுத்தார். நீதவானிடம் சொல்ல முடியாததை வகுப்பில் சொல்வது பொய் என்றும், பொய் படிக்கத் தம் மகள் திங்கட்கிழமை முதல் வரமாட்டாள் என்றும் கனகசபாபதி அறிவித்தார்.

பேராசிரியர் நிறுவலொன்றைத் தேடிக் குறிப்பேட்டைப் புரட்டினார். பத்மாவதிதான் மேசையிலிருந்த பட்டியையும் பென்சிலையும் தந்தையிடம் கொடுத்து, பென்சில் முனையைத் தம்பிராசாவாக எண்ணிக்கொண்டு, அவருடைய பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டாமல் கோடு இழுக்கச் சொன்னாள். ஒரு சுற்று முடிந்ததும் அவர் கையை மறித்தாள்.

“இப்ப தம்பிராசா மாமா எங்கை நிக்கிறார், ஐயா?”

கனகசபாபதி பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலி பாயாமலே என்ரை வளவுக்கை வந்திட்டான்.”

பென்சிலைத் தம்மிடமிருந்து எட்டவே வைத்தார். பாவற்காயை விட்டுக்கொடுத்து வழக்கை முடித்துவிடலாம் என்றார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“தம்பிராசாவின்ரை மகன் வாற வருசம் இஞ்சை சேரப்போறானாம். உவன் உதைப் படிச்சிடாமல் இவள் இருந்து பாக்கோணும், மாஸ்ரர்.”

எவ்வளவு காலத்துக்கு என்று பத்மாவதி பணிவுடன் கேட்டாள். அவன் எதுவரை படிக்கிறானோ, அதற்கு ஒரு வகுப்பு மேலே என்றார் தந்தை.