எச்சறிக்கை, பிக்

1

இந்தக் கதை என் மனைவியிடம் வாங்கிய திட்டிலிருந்து வந்தது. கடைக்குப் போகிறவளுக்குப் போலிஷ் மொழியில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். "மூணு வரியில ரெண்டு பிக்கு," என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஏனென்றால் பிக் என்றால் காளை. எழுத்துப் பிழைக்கும் இங்கே போலந்தில் அதே பெயர்தான். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2

"பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலத்தில் இளங்காற்று—"

வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது.

ஹால்ஷ்கா ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவள். சிரிக்கத் தெரியாதவர்களோடு வேலை பார்த்து அலுத்துப்போனவள். [அழகி என்று எழுதி அடித்துவிட்டேன். கதைக்கு அது தேவையில்லை.] சைக்கிளில் போகையில் ஒரு பண்ணை வாசலில் பலகையைப் பார்த்தாள்:

எச்சறிக்கை, பிக்.

[அசல் பிழை வேறு எழுத்தில். உங்கள் கண்ணை உறுத்த வேண்டுமே என்று நம் ற-வைப் போட்டேன்.]

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் பிழையைத் தானே எச்சரிக்கும் பலகை! இப்படி எழுதத் தெரிந்தவனை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்து, புல்வெளி வழியாகவே வீட்டை நோக்கி நடந்தாள்.

3

பாதி தூரத்தில், புதருக்குப் பின்னாலிருந்து காளை எழுந்து முக்காரமிட்டது.

[இங்கே ஒரு குறிப்பு. ஹால்ஷ்கா கொஞ்சம் பொறுக்கட்டும். இந்தச் சத்தத்திலிருந்துதான் பிக் என்ற சொல்லே பிறந்தது என்கிறார்கள். ஸ்லாவிய மொழிகளில் தேனீக்கான சொல்லும் அதே ஒலியிலிருந்து வந்ததாம். எனக்கு இதில் ஒரே சந்தோஷம். அவளுக்கு இருக்காது.]

வேலிக்கு அந்தப்பக்கம் கிராட்சியன் ஓடி வந்தான். பண்ணைக்காரன்.

"மேடம், ஓடாதீங்க. அப்படியே நில்லுங்க. போர்டு பாக்கலையா?"

"பாத்தேன். தப்பா எழுதியிருக்கீங்க."

"தப்பா எழுதினா மாடு முட்டாதா?"

"வேணும்னே எழுதினீங்கன்னு நெனச்சேன்."

"என்னத்த?"

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, ஏமாற்றத்தில் பாதி.

4

முடிவு ஒன்று: அவள் வேலி தாண்டுகிறாள், கிராட்சியன் தேநீர் தருகிறான், கல்யா— சீ.

முடிவு இரண்டு: காளையை அழித்துவிடுகிறேன். என் கதை, என் உரிமை. அழித்துப் பார்த்தேன். வெறும் புல்வெளியில் ஒருத்தி காரணமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்தேன்.

"எதாச்சும் பேசுங்க மேடம். மெதுவா பேசினா அடங்கும்."

ஆயிரம் பக்கம் திருத்தியவளுக்கு ஒரு சொல் வாயில் வரவில்லை. கடைசியில் "பூ..." என்றாள், அதன் குரலிலேயே, அடித்தொண்டையிலிருந்து. இந்த விலங்குக்கு முதன்முதலில் பெயர் வைத்தவரும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றுகிறது. படித்தவராக இருந்திருக்க மாட்டார். பயந்தவராக இருந்திருப்பார்.

காளை ஓர் அடி எடுத்து வைத்தது.

முன்னாலா, பின்னாலா? எனக்கு எழுதக் கை வரவில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் எழுதுங்கள். அவள் இன்னும் மூச்சு விடவில்லை.