திரும்பி வந்த டிரில் மெஷின்

அக்காவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று சட்டைத் தையலைச் சோதித்துவிட்டு வீடு வந்தால் கண் எரியும், கால் கடுக்கும். அதற்குமேல் யார் முகத்தையும் பார்க்கத் தெம்பிருக்காது. தம்பி முகத்தையும்தான்.

அன்று சாயங்காலம் அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள். "உன் தம்பி தெளிஞ்சுட்டான்டி. ரூமைப் பெருக்கித் துடைச்சுட்டான். டிரில் மெஷினைக்கூட அவன் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்துட்டான்."

தம்பி எலக்ட்ரீஷியன். அந்த மெஷினை யார் தொட்டாலும் வள்ளென்று விழுவான். மாதக்கணக்காகச் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தவனுக்குத் திடீரென்று என்ன தாராளம்? இது தெளிந்தவன் செய்கிற காரியமாக அக்காவுக்குப் படவில்லை, விடைபெறுகிறவன் செய்கிற காரியமாகப் பட்டது.

கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். கேட்காமல் விட அதைவிடப் பயம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"செத்துடலாம்னு நினைக்கிறியாடா?"

"ரொம்பக் களைப்பா இருக்குக்கா."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான். "ஆமா."

அக்காவுக்கு அழுகை வந்தது, அழுதாள். "எனக்கும் களைப்புதான்டா. பேசத் தெரியல. ஆனா உன்னை விட்டுட்டு எழுந்து போக மாட்டேன்."

மெல்ல அவனாகவே பேச ஆரம்பித்தான். அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, கையோடு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அவனிடம் தனியாகப் பேசினார், மாத்திரை எழுதினார், அடிக்கடி வரச் சொன்னார், கொஞ்ச நாளைக்குத் தனியே விட வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் கூட்டாளி வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"வேணாம்க்கா. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா மானம் போயிடும்."

"போனா போகட்டும்."

கூட்டாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினை எடுத்து வந்தான். "நானா கேட்டேன்? அவனாத்தான் கொடுத்தான்."

"தெரியும்ப்பா. அவனுக்கு இன்னும் அது வேணும்," என்றாள் அக்கா.

வண்டி கிளம்பியது. தம்பி மடியிலிருந்த மெஷினையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு முணுமுணுத்தான். "ஒயரை எப்படிச் சுத்தி வச்சிருக்கான் பாரு, அறிவு கெட்டவன்." சிக்கலைப் பிரித்து ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தான்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"திட்டுடா," என்றாள். "நல்லாத் திட்டு."